காலை பத்து மணிச் சண்டைக்கு

வணக்கம் சகோதரி. மூன்று வயது மகனும் ஆறு வயது மகளும் விடுமுறை தொடங்கியதிலிருந்து காலை பத்து மணிக்கே அடித்துக்கொள்கிறார்கள், கைப்பேசியைக் கொடுத்தால்தான் அமைதி என்று எழுதியிருந்தீர்கள். இரவில் உங்கள் மீதே கோபம் வருகிறது என்றும். முதலில் அந்தக் கோபத்தை இறக்கி வையுங்கள்.

தூக்கத்தைக் கவனியுங்கள். 3, 4 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஓடியாட நாளுக்கு 180 நிமிடம். திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே காலை உணவு முடிந்ததும், சண்டை மூளும் முன்பே, இருவரையும் வெளியே ஓடவிடுங்கள். மழையென்றால் தலையணைகளைத் தரையில் பரப்பித் தாண்டச் சொல்லுங்கள். கைப்பேசியை அழுகைக்கு மருந்தாகக் கொடுக்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், நீங்கள் சமைக்கும்போது கொடுங்கள்.

மகளிடம் "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்கிறீர்களாம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஆறு வயதும் சின்ன வயதுதான். அவள் கட்டும் கோபுரத்தைத் தம்பி எட்டித் தள்ள முடியாதபடி உயரமான மேசை ஒன்று அவளுக்கென்றே இருக்கட்டும். அவன் உறங்கிய பிறகு இருபது நிமிடம் அவளோடு மட்டும் உட்காருங்கள். கழுவாத பாத்திரங்கள் காத்திருக்கட்டும், அவள் காத்திருக்க வேண்டாம்.

மகன் பகலில் தூங்குகிறானா? காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான்? எழுதுங்கள், அதற்கேற்ப நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.