பதிவில் இல்லாத பியானோ

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் நியூ ஜெர்சியில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறேன். மதிய உணவுக்குப் பிறகு இங்குள்ள கூடத்தில் 1950-களின் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஓடும். பெரும்பாலும் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர்தான். எண்பதைக் கடந்தவர்கள் அடுத்து வரப்போகும் வசனத்தை முன்னதாகவே சொல்லிச் சிரிப்பார்கள். “அது பொற்காலம்” என்பார்கள். அந்தக் காலத்தில் பிறந்திராத, இந்த நாட்டையே முப்பது வயதில்தான் பார்த்த எனக்கும் அப்போது மனம் கனக்கிறது. இது எதற்கான ஏக்கம்? அந்த நாட்கள் உண்மையிலேயே அவ்வளவு நல்லவையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த, எண்பத்து நான்கு வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர் இங்கே இருக்கிறார். தமக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு கோடைக்காலத்தில், அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் நீண்ட உடையணிந்து பெரிய பியானோவின் முன் அமர்ந்து வாசித்துப் பாடியதைப் பார்த்ததாக அவர் சொல்கிறார். விருந்தினராக வந்து பாடியவர் அல்ல, நிகழ்ச்சியே அவருடையது என்று அழுத்திச் சொல்கிறார். மற்றவர்களோ, அந்தக் காலத்தில் அப்படி எதுவும் கிடையாது, சினிமாவில் பார்த்ததைக் குழப்பிக்கொள்கிறாய் என்கிறார்கள். நானும் இணையத்தில் தேடினேன். அப்படி ஒரு காணொளி அகப்படவில்லை. அவருடைய நினைவு பிசகிவிட்டதா?

ஆர்.,
எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது காத்திருக்கக் கூடாத கேள்வி. அந்தப் பெண்மணியின் நினைவு பிசகவில்லை என்றே நான் நம்புகிறேன். அவர் சொல்லும் ஆண்டு, பருவம், ஊர், பியானோ, உடை எல்லாவற்றோடும் பொருந்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘தி ஹேசல் ஸ்காட் ஷோ’.

ஹேசல் ஸ்காட் 1920-இல் டிரினிடாடில் பிறந்து, குழந்தையாகவே நியூயார்க்குக்கு வந்தவர். எட்டு வயதில் ஜூலியார்ட் இசைப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரைத் தம் வாசிப்பால் வியக்கவைத்தவர். செவ்வியல் இசையை எடுத்துக்கொண்டு அதை ஜாஸின் தாளத்துக்குள் கொண்டுசெல்லும் வித்தையால் இளம் வயதிலேயே புகழ்பெற்றார். ஹாலிவுட் அழைத்தபோது பணிப்பெண் வேடங்களை ஏற்க மறுத்தார்; கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் வாசிக்க மறுத்தார். 1950-ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று டூமான்ட் என்ற தொலைக்காட்சி வலையமைப்பு அவருடைய நிகழ்ச்சியை நாடு தழுவிய அளவில் ஒளிபரப்பத் தொடங்கியது. வாரத்தில் மூன்று மாலைகள், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். வலையமைப்புத் தொலைக்காட்சியில் தமக்கென ஒரு நிகழ்ச்சியைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. உங்கள் இல்லத்துப் பெண்மணி ‘நிகழ்ச்சியே அவருடையது’ என்று அழுத்திச் சொல்வது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு சிறுமி அந்த வேறுபாட்டைக் கவனித்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் வைத்திருக்கிறாள் என்றால், அன்று அந்த வீட்டில் இருந்த பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

நிகழ்ச்சி மூன்று மாதங்கள்கூட முழுதாக ஓடவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் ‘ரெட் சேனல்ஸ்’ என்ற சிறுநூல் வெளிவந்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இருந்த 151 பேரைக் கம்யூனிஸ்டு அனுதாபிகள் என்று பட்டியலிட்டது. அதில் ஹேசலின் பெயரும் இருந்தது. அவர் யாரும் அழைக்காமலேயே, பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் விசாரணைக் குழுவின் முன் செப்டம்பர் 22 அன்று போய் நின்று அந்தக் குற்றச்சாட்டை மறுத்ததோடு, இப்படிப் பட்டியல் போடும் வழக்கத்தையே கண்டித்துப் பேசினார். ஒரு வாரத்தில், செப்டம்பர் 29 அன்று, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அதன் ஒரு பகுதிகூட இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் தேடியும் அகப்படாததன் காரணம் இதுதான்; தேடியவரிடமோ நினைவுகூர்ந்தவரிடமோ குறையில்லை.

ஏன் எஞ்சவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் தொலைக்காட்சி என்பது பெரும்பாலும் நேரலை. நியூயார்க்கின் அரங்கில் ஒருவர் பாடும் கணத்திலேயே வீடுகளில் அது தெரியும், பாட்டு முடிந்ததும் காற்றோடு போய்விடும். தொலைவிலுள்ள நிலையங்களுக்கு அனுப்ப வேண்டுமானால், தொலைக்காட்சித் திரையின் முன் ஒரு திரைப்படக் கேமராவை நிறுத்தி அந்தத் திரையையே படம்பிடிப்பார்கள். கினெஸ்கோப் என்று இதற்குப் பெயர். மங்கலான, நடுங்கும் பிரதி. அனுப்பிய வேலை முடிந்ததும் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1956-இல் ஒளிநாடா வந்த பிறகும் நிலைமை மேம்படவில்லை. நாடாவின் விலை அதிகம் என்பதால் ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிந்தார்கள். பிரிட்டனில் பிபிசி இவ்வாறு அழித்தவற்றில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960-களின் பகுதிகளும் அடக்கம். அவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் நம்மிடம் இருக்கிறது. அன்றைய ரசிகப் பிள்ளைகள் வீட்டுத் தொலைக்காட்சியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்டதே அதற்குக் காரணம். ஒரு பெரும் நிறுவனம் கைவிட்டதைச் சிறுவர்கள் காப்பாற்றினார்கள் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் என் கண்கள் நிறைகின்றன.

டூமான்டுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரித்த ஆலன் டூமான்ட் 1946-இல் தொடங்கிய அந்த வலையமைப்பு பத்தே ஆண்டுகளில் மூடப்பட்டது. எஞ்சிய கினெஸ்கோப் சுருள்களும் நாடாக்களும் கிடங்கில் கிடந்தன. 1970-களில் அவற்றைப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்தபோது, அவை லாரிகளில் ஏற்றப்பட்டு, நியூ ஜெர்சிக் கரையில் காத்திருந்த படகுக்கு மாற்றப்பட்டு, நியூயார்க் விரிகுடாவின் நீரில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்திய விசாரணையில் சாட்சியம் அளித்தார். தம் கணவர் எர்னி கோவாக்ஸின் நிகழ்ச்சி நாடாக்களைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிக் காப்பாற்றியவர் அவர். இதைச் சொல்லும் தகுதி அவருக்கு முழுமையாக உண்டு. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இழப்பின் வடிவம் புதிதல்ல. குண்டலகேசியையும் வளையாபதியையும் உரையாசிரியர்களும் தொகுப்பாசிரியர்களும் எடுத்தாண்டதால்தானே அவை சில பாடல்களாகவாவது நம் கைக்கு வந்தன? உங்கள் கூடத்தில் சிரிக்காமல் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்மணி இன்று அத்தகைய உரையாசிரியர்.

இனி உங்கள் முதல் கேள்வி. ‘ஐ லவ் லூசி’ உங்கள் கூடத்தில் ஓடுவதும் ஹேசல் ஸ்காட் ஓடாததும் தரத்தின் தீர்ப்பல்ல. அதன் நாயகி லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி ஆர்னாஸும் 1951-இல் அந்த நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, நியூயார்க்குக்கு வந்து நேரலையில் நடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவர்களுக்கோ கலிபோர்னியாவைவிட்டு நகர மனமில்லை. மங்கலான கினெஸ்கோப் பிரதியைக் கிழக்கு மாநிலங்களுக்குக் காட்டப் புரவலரான சிகரெட் நிறுவனத்துக்கு விருப்பமில்லை. எனவே மூன்று கேமராக்களைக் கொண்டு, பார்வையாளர்களின் முன்னிலையில், 35 மி.மீ. திரைப்படச் சுருளிலேயே படம்பிடிப்பது என்று முடிவாயிற்று. ஜெர்மனியின் மௌனப்படக் காலத்திலிருந்தே பெயர்பெற்ற ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், மூன்று கேமராக்களுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் ஒளியமைப்பை அதற்காக உருவாக்கினார். செலவு கூடியது. தம்பதியர் தங்கள் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சுருள்களுக்கு ஒளிபரப்பு முடிந்த பிறகும் விலை இருக்கும் என்று அன்று பெரும்பாலோர் எண்ணவில்லை. பின்னர் 180 பகுதிகளும் மறுஒளிபரப்பாக உலகெங்கும் ஓடின. கூர்மையான, கீறல் இல்லாத, எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய படம் அது. இன்று ‘1950-கள்’ என்றவுடன் கண்முன் தோன்றும் சமையலறையும் சோபாவும் அந்தச் சுருளிலிருந்து வந்தவை.

எனவே நீங்களும் கூடத்தில் இருப்பவர்களும் அடையும் நினைவேக்கம், அந்தக் காலத்தில் எது எஞ்சியதோ அதன்மேல் கொண்ட ஏக்கம். 1950-இல் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பதில்தான் தொலைக்காட்சி இருந்தது. 1960-இல் அது எண்பத்தேழாகிவிட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான மனிதர்கள் பார்த்தவற்றில் பெரும்பங்கு போய்விட்டது. மிச்சமிருப்பதை மீண்டும் மீண்டும் பார்த்ததால் அதுவே முழு உருவம் என்று மனம் கொண்டுவிட்டது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவரின் நினைவுகூட மறுஒளிபரப்பால் திருத்தி எழுதப்படும் என்பதற்கு, “அப்படி எதுவும் கிடையாது” என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னவர்களே சான்று.

லூசியை நான் குறைத்துச் சொல்வதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். கியூபாவிலிருந்து வந்த, உச்சரிப்பில் ஸ்பானிய வாடை மாறாத ஒருவரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று வலையமைப்பு தயங்கியபோது, இருவரும் ஊர் ஊராகச் சென்று மேடையில் நடித்துக் காட்டிய பிறகே அந்த நிகழ்ச்சி உருவானது. அது வென்றெடுத்த இடம் சிறியதல்ல. எனினும் அதே நிகழ்ச்சியில் கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டில்களில்தான் படுத்தார்கள்; லூசில் பால் உண்மையிலேயே கருவுற்றிருந்ததைக் கதையில் சேர்த்தபோதும் அதற்கான நேர்ச்சொல்லை உச்சரிக்க அனுமதி இல்லை. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று கதையில் குழந்தை பிறந்த பகுதியை ஏறத்தாழ நான்கு கோடியே நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அதே பத்தாண்டில், 1956-இல், நாட் கிங் கோல் என்ற கறுப்பினப் பாடகருக்கு என்பிசி வலையமைப்பு ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. அன்றைய மிகச்சிறந்த பாடகர்களில் ஒருவரான அவருக்கு நாடு தழுவிய புரவலர் ஒருவர்கூட முன்வராததால், 1957 டிசம்பரில் அவரே அதை முடித்துக்கொண்டார். அந்த நாட்கள் நல்லவையா என்று கேட்டீர்கள். கூடத்தில் சிரிப்பவர்களுக்கு நல்லவையாக இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நாட்களில் இன்னொரு வீட்டில் இன்னொரு சிறுமி இருந்தாள்.

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களும் தங்கள் காலத்தைப் பொற்காலமாக உணரவில்லை என்பதற்கு அந்தத் தொலைக்காட்சியிலேயே ஆதாரம் உண்டு. ராட் செர்லிங் தம் ‘ட்விலைட் ஸோன்’ தொடருக்காக எழுதி 1959 அக்டோபரில் ஒளிபரப்பான ஐந்தாவது பகுதியில், வேலையில் களைத்துப்போன முப்பத்தாறு வயது விளம்பரத் துறை அதிகாரி ஒருவர் தம் சொந்த ஊருக்கு நடந்துபோய், அங்கே சிறுவனாக இருக்கும் தம்மையே காண்கிறார். ராட்டினத்தில் இருக்கும் அந்தச் சிறுவனைப் பிடித்து, இந்த நாட்களை அனுபவித்துக்கொள் என்று சொல்லத் துரத்துகிறார். சிறுவன் தவறி விழுந்து காலில் காயப்படுகிறான். திரும்பி வரும் மனிதர் நொண்டியபடி வருகிறார். செர்லிங் வளர்ந்த பிங்ஹாம்டன் ஊரின் பூங்காவில் அப்படியொரு ராட்டினம் இருந்தது. நாம் ஏங்கும் 1950-களின் நடுவே அமர்ந்துகொண்டு ஒரு மனிதர் தம் இளமைக்கால ஊருக்காக இவ்வளவு ஏங்கியிருக்கிறார். கடந்த காலத்துக்குள் கையை விட்டு அதைப் பற்றிக்கொள்ள முயன்றால் காயம்படுவது யார் என்பதையும் அவரே காட்டிவிட்டார். கூடத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை அறிந்திருப்பார்கள். ஒரு மதியம் லூசிக்குப் பதிலாக இதைப் போட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு வரும் ஏக்கத்தைப் பற்றி வெட்கப்படவும் வேண்டாம், அதை விரட்டவும் வேண்டாம். ஒரே நேரத்தில் ஒரே பெட்டியின் முன் ஒரு தெருவே கூடி அமர்ந்திருந்த காலத்தை அந்தப் படங்கள் உங்களுக்கு உணர்த்துகின்றன. ஹார்லெமில் அண்டை வீட்டுக்குப் போய் அமர்ந்த சிறுமியும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்.

இனி அவருக்காகச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஹேசல் ஸ்காட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி அழிந்துவிட்டாலும், அவர் தோன்றிய திரைப்படக் காட்சிகள் இருக்கின்றன. 1943-இல் வந்த ஒரு படத்தில் இரண்டு பியானோக்களுக்கு நடுவே அமர்ந்து, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கும் காட்சி இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பெயரை முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் நினைவு அந்தப் பெயரின் பின்னால் போய்விடும். முதலில் அவரிடம், எந்த வீடு, உடன் யார் யார் இருந்தார்கள், திரையில் பியானோ எந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பெண் பேசினாரா, என்ன பாடினார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் கைப்பேசியில் அவருடைய குரலைப் பதிந்துகொள்ளுங்கள், தேதியையும் குறித்துவையுங்கள். அதன் பிறகு அந்தக் காட்சியைக் காட்டுங்கள். அது அவர்தான் என்று அந்தப் பெண்மணி சொன்னால், கூடத்தில் மற்றவர்கள் இருக்கும்போதே ஒலியைக் கூட்டி இன்னொரு முறை போடுங்கள். அவர் சொன்னவற்றை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்