தைராய்டு மாத்திரை கொடுத்தும் என் நாயின் எடை குறையவில்லையே, என்ன செய்வது?

"சாப்பாட்டைக் குறைங்க, தானா இளைச்சிடும்" என்று இதற்குள் உங்களிடம் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் டாலியை வாக்கிங் கூட்டிப்போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்தி, "என்னம்மா, வீட்ல இருக்கிறதையெல்லாம் இதுக்கே போட்டுடுவீங்களா?" என்பார்கள். அவள் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பாள். பதில் சொல்லி மாள வேண்டியது நான். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளம்தான்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. தைராய்டு குறைபாடு உள்ள ஒரு லாப்ரடாரை வளர்ப்பவள், அவ்வளவே. டோஸை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லவில்லை. "இவ என்ன டாக்டரா?" என்று கிளம்பி வருபவர்கள் இந்தப் பத்தியோடு திரும்பிவிடலாம்.

டாலிக்கு 30 கிலோ இருந்தால் போதும், 38 வரை போனாள். தட்டில் போடுவது கூடவேயில்லை. நாள் முழுக்கத் தூக்கம், வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுப்பது, வால் முடி கொட்டி எலிவால் மாதிரி ஆனது. அரிப்பும் கிடையாது. நாங்கள் முதலில் காட்டிய மருத்துவர், "வயசாகுது, லாப்னாலே குண்டுதான்" என்று அனுப்பப் பார்த்தார். ரத்தம் எடுக்காமல் கிளம்பமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். டி4 (தைராய்டு சுரப்பி தரும் ஹார்மோன்) குறைவு, டிஎஸ்எச் (அந்தச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) அதிகம், கொலஸ்ட்ராலும் எகிறியிருந்தது. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே சுறுசுறுப்பு வந்துவிட்டது. பந்தைத் தேடி எடுத்து வந்தாள். எடை மட்டும் அப்படியே நின்றது. உங்கள் கேள்வி இந்த இடத்தில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். லெவோதைராக்சின், அதாவது இந்தத் தைராய்டு மாத்திரை, கொழுப்பைக் கரைக்கிற மருந்து கிடையாது. மந்தமாகிப்போன வளர்சிதை மாற்றத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவரும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஏற்கெனவே சேர்ந்ததை இறக்க, குண்டான எந்த நாய்க்கும் என்ன செய்வோமோ அதைத்தான் செய்ய வேண்டும். மாத்திரை சரியாக வேலை செய்தால் சுமார் இரண்டு மாதத்தில் எடையில் ஏதாவது அசைவு தெரியும். முடி முளைக்க இன்னும் சில மாதங்கள் ஆகும்.

அசைவே இல்லையென்றால் முதலில் மாத்திரை பக்கம் பாருங்கள். நாய்களுக்கு வழக்கமான ஆரம்ப அளவு, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. டாலிக்கு வேளைக்கு 600. எனக்கும் தைராய்டு உண்டு, நான் போடுவது நாளைக்கு 75! மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு சைபர் கூடப் போட்டுட்டாங்க போல, 60 தானே?" என்று தானே திருத்தித் தரப் பார்த்தார். எழுதியதைக் கொடுங்கள் என்று நின்று வாங்கிவந்தேன். நாய்களின் குடல் இந்த மருந்தைக் குறைவாகத்தான் உறிஞ்சும். உள்ளே போனது சுமார் அரை நாளில் பாதியாகிவிடும். மனிதர்களுக்கு அதே அளவு இறங்க ஒரு வாரம் ஆகும். அந்தக் கணக்குத் தெரியாமல் யாராவது டோஸைக் குறைத்திருந்தால் எடை எப்படி இறங்கும்?

சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சுவது இன்னும் குறையும். கால்சியம், இரும்புச்சத்து மருந்துகளும் தடுக்கும். நாங்கள் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கிறோம். உங்களுக்கு முடியாவிட்டால் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி கொடுங்கள். மறுபரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது மாத்திரை கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். கொடுத்த நேரத்தை எழுதிக்கொண்டு போங்கள், அது தெரியாமல் வரும் எண்ணை வைத்து டோஸ் சரியா என்று சொல்ல முடியாது.

அடுத்தது, வந்திருப்பது தைராய்டுதானா? கோபப்படாதீர்கள், இதைக் கேட்டே ஆகவேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் ப்ரெட்னிசலோன், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால், இரண்டுமே டி4 அளவைக் கீழே இறக்கிக் காட்டும், பசியையும் கிளப்பிவிடும். நாய் குண்டாகவும் ஆகும், ரிப்போர்ட்டிலும் குறைவு என்று வரும், சுரப்பி மட்டும் நன்றாகவே இருக்கும். வேறு பெரிய நோய் இருந்தாலும் டி4 இறங்கலாம். டி4 ஒன்றை வைத்தே முடிவு செய்திருந்தால் ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4), டிஎஸ்எச் இரண்டையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "அயோடின் கொடு, கடல்பாசி கொடு" என்பவர்களை விட்டுவிடுங்கள். நாய்களுக்குப் பெரும்பாலும் சுரப்பியே அழிந்துபோவதால் வருவது இது. அயோடின் போட்டுச் சரியாகாது.

இனி சாப்பாடு. இருக்கும் எடைக்குக் கணக்குப் போடாதீர்கள், இருக்கவேண்டிய எடைக்குப் போடுங்கள். கால்குலேட்டரில் எடை × எடை × எடை என்று பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, வருவதை 70 ஆல் பெருக்கினால் ஒரு நாள் கலோரி. 30 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 900. கப் அளவை நம்பாமல் சமையலறைத் தராசில் கிராமாக எடை போடுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் போதும். வழக்கமான உணவையே பாதியாக வெட்டினால் புரதமும் மற்ற சத்துகளும் சேர்ந்து குறையும், எடை குறைப்புக்கென்று இருக்கும் உணவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் தராசை விடப் பெரிய பிரச்சினை மாமனார். "ஒண்ணே ஒண்ணுதாம்மா, பாவம் பாக்குது" என்று நாள் முழுக்க பிஸ்கெட் போகும். தின்பண்டமெல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 900-ல் அது 90. சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அவளுடைய அன்றைய உணவிலிருந்தே ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்குக் கொடுத்த திருப்தி, அவளுக்கு வாங்கிய திருப்தி. அதற்கப்புறம்தான் முள் இறங்கியது.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன். டாலிக்குத் தைராய்டு என்றதும் உறவுக்காரர்கள் எல்லாம் "அய்யோ பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்று உருகினார்கள். எனக்கு வந்தபோது இதே வாய்கள் "காலைல எழுந்து நடந்தா சரியாப்போகும், உட்கார்ந்தே இருந்தா அப்படித்தான்" என்றன. மாத்திரை போட்டும் நான் இளைக்காததற்குக் காரணம் சோம்பேறித்தனமாம். அதே சுரப்பி, அதே மருந்து! சரி, விடுங்கள்.

டாலி இப்போது 32-ல் இருக்கிறாள். நடையை அவள் மூட்டு தாங்கும் அளவுக்குத்தான் கூட்டினோம், முதல் நாளே ஓடவிடவில்லை. எடை இறங்க இறங்க டோஸையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காரணமில்லாமல் மூச்சிரைத்தாலோ, ராத்திரி நிலைகொள்ளாமல் சுற்றினாலோ, தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் போனாலோ அளவு கூடிவிட்டதா என்று உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.