ரெயிலுக்கு முன்னாலா, பின்னாலா? ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரை எங்கே பொருத்துவது

கேள்வி: என் பழைய கார்புரேட்டர் ஜிப்சியில் 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) இன்ஜினை ஏற்றியிருக்கிறேன். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயான ரெயிலில் இரண்டு முனைகள் இருக்கின்றன. தனியாக வாங்கிய அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளை, அடியில் ஒன்று, தலையில் சின்ன நிப்பிள். ஒரு மெக்கானிக் இதைப் பம்புக்கும் ரெயிலுக்கும் நடுவில் வை என்கிறார். இன்னொருவர் ரெயிலுக்கு அப்புறம் வை என்கிறார். யார் சொல்வது சரி? வண்டியிலேயே இருக்கும் பழைய ரிட்டர்ன் லைன் (பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) போதுமா? நிப்பிளை அடைத்துவிடலாமா?

பதில்: ரெயிலுக்கு அப்புறம் வைப்பதுதான் சரி. நடுவில் வைக்கச் சொன்னவர் கார்புரேட்டர் வண்டிகளில் கை பழகியவராக இருப்பார். அங்கே கால் பார் (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். பம்பு கூடுதலாகத் தள்ளினால் வழியிலேயே மறித்துக் குறைத்து அனுப்ப வேண்டும், அதற்கான ரெகுலேட்டர் நடுவில்தான் உட்காரும்.

உங்களிடம் இருப்பது வேறு சாதி. இது பெட்ரோலை மறிப்பதில்லை, மிஞ்சியதை வழியவிடுகிறது. ஏரிக்கு மதகும் உண்டு, கலங்கலும் உண்டு; இது கலங்கல். உள்ளே டயாப்ரம் என்கிற ஒரு மெல்லிய சவ்வு, அதன் மேல் ஸ்ப்ரிங். பிரஷர் 3 பாரைத் தாண்டியதும் டயாப்ரம் மேலே எழும்பி, அடித்துளை திறந்து, மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவிடும்.

ஆகவே வரிசை இது: டேங்க், பம்பு, ஃபில்டர், ரெயிலின் ஒரு முனை. ரெயிலின் மறுமுனையிலிருந்து ரெகுலேட்டரின் பக்கத்துளை. அடித்துளையிலிருந்து டேங்க். மீதமுள்ள பக்கத்துளையை அதற்குரிய பிளக்கால் அடையுங்கள், அல்லது அங்கே கேஜ் மாட்டுங்கள். டி ஜாயின்ட் போட்டு ரெயிலுக்கு முன்னாலேயே இணைத்தாலும் இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் ரெயிலுக்குள் பெட்ரோல் சுற்றாது. வெயிலில் ஓட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ரெயிலில் தேங்கிச் சூடான பெட்ரோல் ஆவியாகி மக்கர் பண்ணும். கடைசியில் ரெகுலேட்டர் இருந்தால், சாவியைத் திருப்பியதுமே பம்பு தள்ளுகிற பெட்ரோல் அந்த ஆவியையும் காற்றையும் டேங்குக்குத் தள்ளிவிடும்.

ரிட்டர்ன் லைனைத்தான் பலரும் அலட்சியப்படுத்துகிறார்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஐடிலிங்கில் இந்த அளவு இன்ஜின் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டரைச் சுற்றித்தான். பம்பு தள்ளுவதில் மீதி அத்தனையும் ரிட்டர்னில்தான் போக வேண்டும். கம்பெனி அளவுப் பம்பு என்றால் 6 மிமீ உள்விட்டமுள்ள சுத்தமான லைன் தாங்கும். மணிக்கு 255 லிட்டர் தள்ளுகிற பெரிய பம்பு வாங்கியிருந்தால் 8 மிமீ போடுங்கள். பழைய இரும்பு லைன் உள்ளே துருப்பிடித்திருக்கலாம், எங்காவது நசுங்கியும் இருக்கலாம். சோதிப்பது சுலபம்: பம்பு ஓடும்போது அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்துங்கள். பிரஷர் 3 பாருக்குக் கீழே நன்றாக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள், அடைப்பு ரிட்டர்னில் இருக்கிறது.

நிப்பிளை அடைக்கவே கூடாது. இன்ஜெக்டரின் முனை இருப்பது சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள். ஐடிலிங்கில் அங்கே வேக்குவம், வெளிக்காற்றைவிடச் சுமார் 0.6 பார் குறைவு. ரெயிலில் 3 பார் அப்படியே நின்றால் இன்ஜெக்டருக்கு இருபுறமும் உள்ள வித்தியாசம் 3.6 பார் ஆகிவிடும், பெட்ரோல் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதலாகப் பாயும். அந்த வேக்குவத்தை ரெகுலேட்டருக்கும் காட்டினால் அது ரெயிலை 2.4 பாருக்கு இறக்கி வித்தியாசத்தை 3 பாரிலேயே வைத்திருக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ கணக்குப் போடுவது இதை நம்பித்தான். த்ராட்டில் பாடியைத் தாண்டி, மேனிஃபோல்டில் நேராக ஒரு தனி நிப்பிளில் இருந்து குழாய் எடுங்கள். பிரேக் பூஸ்டர் குழாயில் டி போட்டுப் பிரிக்காதீர்கள். இன்னொரு முக்கியமான காரணம் பாதுகாப்பு: டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இந்தக் குழாய் வழியாக மேனிஃபோல்டுக்குள் போய் எரிந்துவிடும். நிப்பிள் திறந்து கிடந்தால் சூடான இன்ஜின் மேல்தான் கொட்டும்.

(ரெயிலில் ஒரே முனை இருந்திருந்தால் கதை வேறு. அந்த வகையில் ரெகுலேட்டர் டேங்கிலோ ஃபில்டர் பக்கத்திலோ இருக்கும், வேக்குவமும் தேவையில்லை.)

ஹோஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருப்பதை வாங்குங்கள். ஆர்7 என்பது கார்புரேட்டர் பிரஷருக்கானது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் சீக்கிரம் வெடித்து விரியும். கிளாம்ப், விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளாம்ப்பாக இருக்கட்டும்; பல் வெட்டிய சாதா கிளாம்ப் ஹோஸைக் கடித்துவிடும். ஓ-ரிங் உள்ள ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவினால் போதும். டேப்பின் ஒரு நூல் பிய்ந்து உள்ளே போனாலும் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் மாட்டியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அருகில் தீயணைப்பான் இருக்கட்டும். கசிவில்லை என்றால், வேக்குவம் குழாயை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, அந்தக் குழாயின் முனையை (நிப்பிளை அல்ல) அடைத்துவிட்டு 3 பாருக்கு வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து குழாயை மாட்டினால் கேஜ் 2.4 பக்கம் இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் குழாய் எடுத்த இடம் தவறு. குழாயைக் கழற்றும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயாப்ரம் போய்விட்டது, அந்த ரெகுலேட்டரை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.