பழைய பெஞ்ச் வைஸ் (பட்டறை மேசையில் பூட்டி, பொருளை இரு தாடைகளுக்கு நடுவே இறுகப் பிடிக்கும் கருவி) ஒன்று கிடைத்திருக்கிறது. அது யார் தயாரித்தது, எவ்வளவு பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரிசெய்து பயன்படுத்தலாமா?

தாராளமாகச் சரிசெய்யலாம். ஆனால் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைத் தொடாதீர்கள். தொட்டுக் கெட்டவன் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்த முதல் நல்ல வைஸ் வில்டன் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. பின்பக்கம் தோட்டா மாதிரி உருண்டு முடியும், அதனால் 'புல்லட்' என்பார்கள். அதில் நகரும் தாடையின் தண்டுக்கு அடியில், தாடை சுழலாமல் தடுக்கும் நீளமான சாவிப் பள்ளம் ஒன்று ஓடும். தாடையை முழுக்கத் திறந்து டார்ச் அடித்தால், அந்த இடத்தில் பொடி எண்களில் மாதமும் வருடமும் குத்தியிருப்பது தெரியும். இது எனக்குத் தெரியாது. துருவைப் பார்த்ததும் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட தேய்ப்பு வட்டு) மாட்டி, பளபளவென்று தேய்த்து முடித்தேன். விஷயம் தெரிந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது மிஞ்சியிருந்தது ஒரு 4-இன் கால் மட்டும். 1954-ஆ, 1964-ஆ, இன்றுவரை தெரியாது.

தேதி இருந்தாலும் அவசரப்படக் கூடாது. ஆரம்பகால வில்டன்களில் இருப்பது தயாரித்த தேதி இல்லை, ஐந்து வருட உத்தரவாதம் முடியும் தேதி. 1950 என்றிருந்தால் 1945-இல் செய்தது. உடம்பில் சிகாகோ என்று வார்த்திருந்தால் பழசு, நிறுவனம் பிறகு இடம் மாறிய ஷில்லர் பார்க் என்றிருந்தால் அதற்குப் பிந்தியது.

முதல் வேலை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும்தான். கிரீஸும் இரும்புத்தூளும் கலந்து கெட்டியான அழுக்கை மட்டும் எடுங்கள், பெயின்ட்டைக் கிளப்ப வேண்டாம். அப்புறம் ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்து உடம்பு முழுக்க லேசாகத் தேயுங்கள். மேடாக இருக்கும் எழுத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும். வெறும் கண்ணுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் பெயர் எழுந்து வரும். இரு பக்கங்கள், தண்டின் மேல்புறம், சுழலும் அடித்தட்டின் கீழ்ப்புறம் என்று ஓரிடத்தையும் விடாதீர்கள்.

எண்களில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். வைஸின் தனித்தனிப் பாகங்களில் இருக்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண், மாடல் எண் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தயாரான 'ரெக்கார்ட்' என்ற பிராண்ட் வைஸில் எண் 3 என்றால் 4 அங்குலத் தாடை. ஆகவே தாடையின் அகலத்தை அளந்து வைத்துக்கொண்டே எண்ணைப் படியுங்கள். அமெரிக்க வைஸ்களில் காப்புரிமை எண் இல்லாமல் தேதி மட்டும் வார்த்திருந்தால் அந்த வடிவம் பெரும்பாலும் 1927-க்கு முந்தியது, அந்த வருடச் சட்டம்தான் எண்ணைப் போடச் சொன்னது. ஆனால் காப்புரிமைத் தேதி என்பது 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். ஒரே அச்சில் பல வருடம் வார்த்துத் தள்ளியிருப்பார்கள்.

பெயரே இல்லையா? ஸ்பிண்டிலை (ஹேண்டிலால் சுற்றும் திருகுத் தண்டு) கழற்றி மரையைப் பாருங்கள். சதுர மரை பழைய பாணி, பக்கங்கள் சாய்ந்த அக்மி மரை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. ஆனால் சதுர மரை அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஓடியது, அதை மட்டும் வைத்து வயது சொல்லிவிட முடியாது. தரையில் ஊன்றும் நீளக்கால் இருந்தால் அது கொல்லர் வைஸ். வார்த்தது இல்லை, அடித்துச் செய்தது, சம்மட்டி அடி தாங்கும்.

விரிசலை இப்போதே பார்த்துவிடுங்கள். கனமாகப் புது பெயின்ட் பூசிய வைஸ் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல வார்ப்பு ஓரளவு ஓசை தரும், விரிந்தது சொத்தென்று கேட்கும். தாடை அடியிலும் பாக்ஸ் நட் (ஸ்பிண்டில் திருகி ஓடும் நட்) இருக்கும் இடத்திலும்தான் அதிகம் விரியும். விரிந்த வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டவே ஒட்டாதீர்கள், ஆறும்போது பக்கத்திலேயே புதிதாக விரியும். முழுப் பாகத்தையும் சூடாக்கிப் பிரேசிங் (பித்தளை போன்ற உலோகத்தை உருக்கி ஒட்டுவது) செய்து, மெதுவாக ஆறவிட வேண்டும். தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

சரி, இறுகிப்போன ஸ்பிண்டில். ஹேண்டிலில் பைப்பைச் செருகி முறுக்கத்தான் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள், மறுபடி விட்டு இன்னொரு நாள். நட் இருக்கும் பக்கத்தைச் சூடாக்கி (எண்ணெயைத் துடைத்துவிட்டு, திறந்தவெளியில்) முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்புங்கள், பிறகு தளர்த்துங்கள். என்னிடம் ஒன்று நான்காம் நாள் 'டிக்' என்றது. அதற்குப் பிறகு கையாலேயே சுற்றி எடுத்தேன்.

துருவுக்குச் சலவை சோடா கரைத்த நீரில் மின்பகுப்பு செய்வேன். வைஸ் பாகத்துக்கு எதிர்முனை, பலி கொடுக்கும் சாதா இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. அந்தத் தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தாடைத் தகடுகளின் பற்கள் மழுங்கியிருந்தால் நான் அப்படியே விட்டுவிடுவேன், பிடிக்கும் பொருளில் தழும்பு விழாது. பெயின்ட் உங்கள் இஷ்டம். மரைக்குக் கிரீஸ், தண்டுக்கு மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான் நான் செய்வது.

ஹேண்டில் வளைந்திருக்கிறதே என்று வருந்த வேண்டாம். வார்ப்பு உடைவதற்கு முன் வளையட்டும் என்றுதான் அது மென்மையான இரும்பில் இருக்கிறது. முனைக் குமிழ் கழன்று வந்தால் ஹேண்டிலை உருவி, அதே வைஸின் தாடையில் பிடித்து நிமிர்த்தலாம். இறுக்குவதற்கு மட்டும் ஓட்டையில் வேறொரு கம்பியைச் செருகிக்கொள்ளுங்கள்.