சுவருக்கா, சட்டிக்கா? மரக்கரண்டி செதுக்குகிறவர்களுக்குக் கேள்வி பதில்

அம்பாசமுத்திரம் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல் வேலையெல்லாம் விட்டுவிட்டு இப்போது கரண்டி, அகப்பை மட்டும்தான். நீங்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்: செய்யப்போகிற கரண்டி சுவரில் தொங்கப்போகிறதா, சட்டிக்குள் இறங்கப்போகிறதா? பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

அண்ணாச்சி, கொல்லையில் ஒரு வேப்பமரம் சாய்ந்துவிட்டது. அதில் கரண்டி செய்தால் குழம்பு கசக்காதா? (வீரவநல்லூர்)

முதல் சில நாள் லேசாக வாடையும் கசப்பும் தெரியும், புழங்கப் புழங்கப் போய்விடும். வேம்பு கரண்டிக்கு நல்ல மரம்தான், ஆனால் ரேகை, அதாவது மரத்தில் நார் ஓடுகிற போக்கு, முறுக்கிக்கொண்டு போகும், உளி எதிர்பாராத இடத்தில் பிய்த்துவிடும். முதல் கரண்டி என்றால் பூவரசு அல்லது பலாவில் தொடங்குங்கள். பலா செதுக்க வெண்ணெய் மாதிரி, மஞ்சள் நிறமும் அழகு. கொய்யாக் கிளை சின்னக் கரண்டிக்கு அருமை. புளி கெட்டி, கை வலிக்கும், ஆனால் உழைக்கும். வேங்கை தண்ணீர் பட்டால் சாயம் விடும், அதனால் அது சுவருக்கு.

அரளிக் கட்டை வெள்ளையாக, வழவழப்பாக இருக்கிறதே, அதில் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். அரளி விஷம். எட்டியும் அப்படித்தான். என்ன மரம் என்று தெரியாத கட்டையில் சாப்பாட்டுக் கரண்டி செய்யாதீர்கள்.

பாபநாசத்துக்கு மேலே காட்டில் விழுந்து கிடக்கிற கட்டையை எடுத்து வரலாமா அண்ணாச்சி?

தம்பி, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். விழுந்த சுள்ளியானாலும் எடுக்கக் கூடாது. மர அறுவை மில்லில் துண்டுக்கட்டையைக் கிலோ கணக்கில் கொடுப்பார்கள், இல்லையென்றால் தோட்டத்தில் கிளை கழிக்கிறவரிடம் சொல்லி வையுங்கள்.

மூன்று கரண்டி செய்தேன், மூன்றும் குழியில் விரிசல் விட்டுவிட்டது. என்ன தப்பு பண்ணுகிறேன்? (தென்காசி)

எப்போது செய்தீர்கள் என்று சொல்லவில்லை, ஆடிக் காற்றில் என்றால் ஆச்சரியமே இல்லை. பச்சை மரத்தில் செதுக்குவது தப்பில்லை, கத்தி சுலபமாக இறங்கும், நானும் அப்படித்தான் செய்கிறேன். சிக்கல் காய்வதில் இருக்கிறது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது, மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய பக்கம், நடுவிலிருந்து வெளியே போகிற பக்கத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுருங்கும். உருண்டைக் கிளையை அப்படியே வைத்துக் குடைந்தால், நடுக்குருத்து கரண்டிக்குள்ளேயே இருக்கும், அங்கிருந்துதான் பிளக்கும். கிளையை இரண்டாகப் பிளந்து குருத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தில் செய்யுங்கள். ரேகை காம்பின் நீளத்துக்கு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் காம்பு ஒருநாள் கையோடு வந்துவிடும்.

அப்புறம், குழி ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு என்று விடாதீர்கள், மெலிசு சீக்கிரம் காய்ந்து தடிமனை இழுக்கும். பாதி வேலையில் சாப்பிடப் போனாலும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். உருவம் வந்ததும் மரச்சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு, நிழலில் இரண்டு மூன்று வாரம். மொட்டை மாடி வெயிலில் காய வைத்த கரண்டி எனக்கும் நிறைய உடைந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

மரத்தைச் செதுக்கிக் கழிக்கச் சின்னக் கைவாய்ச்சி, நேர்க்கத்தி ஒன்று, குழி தோண்ட வளைந்த வாய் உள்ள உளி அல்லது கொக்கிக் கத்தி, உளியைத் தட்டக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தி. போதும். அந்தக் காசில் பாதியைச் சாணைக்கல்லுக்கு வையுங்கள், மழுங்கின கத்திதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். என் இடது கட்டைவிரலில் மூன்று தையல் இருக்கிறது.

உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கினேன், ஒரு தடவை கழுவினதும் சொரசொரவென்று ஆகிவிட்டதே? (வள்ளியூர்)

எல்லோருக்கும் ஆவதுதான் அக்கா. தண்ணீர் பட்டதும் படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். அதை நீங்களே முதலில் எழுப்பிவிடுங்கள்: உப்புத்தாளில் 80, 120, 180, 240 என்று (எண் கூடக் கூடத் தாள் மென்மை) வரிசையாகத் தேய்த்த பிறகு நனைத்து, காய வைத்து, மறுபடி 240. இன்னொரு தடவை நனைத்துக் காய்ந்ததும் 320. எண்ணெய் அதற்கப்புறம்தான். வரிசையில் ஒரு எண்ணைத் தாண்டினால் பழைய கீறல் எண்ணெய் போட்டதும் பளிச்சென்று தெரியும்.

தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா, லின்சீடா?

தேங்காய் எண்ணெய் காயவே காயாது, ஆனால் சீக்கிரம் சிக்குவாடை பிடிக்காது, அடிக்கடி தடவிக்கொண்டே இருந்தால் சரி. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட், காற்றில் இறுகி மரத்துக்குள்ளேயே நிற்கும். ஆனால் பெயின்ட் கடையில் கிடைக்கிற கொதிக்க வைத்த லின்சீடில் சீக்கிரம் காய உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், அது சுவருக்கு மட்டும். சட்டிக்கு என்றால் சமையலுக்கு விற்கிற சுத்தமான ஆளிவிதை எண்ணெயை மெலிசாகத் தடவித் துடைத்துவிட்டு, வாரக்கணக்கில் பொறுத்திருங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்கு: மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம்.

நம்மூர்ச் சொப்பு சாமான் மாதிரி அரக்கு ஏற்றினால் கரண்டி மினுங்குமே அண்ணாச்சி?

மினுங்கும். ஆனால் சொப்பு கடைசல் வேலை. மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டில் உருகி ஒட்டும். கரண்டியில் உருண்டையான காம்பைத்தான் அப்படிக் கடைய முடியும், குழியை முடியாது. கொதிக்கிற ரசத்தில் விட்டால் அரக்கு இளகி வெளுத்துப்போகும். கொலுவுக்கு, கல்யாண வீட்டு அலங்காரத்துக்கு என்றால் தாராளமாகச் செய்யலாம்.

கரண்டிக் குழிக்குள் கோலம் செதுக்கினால் நன்றாக இருக்குமா?

பார்க்க நன்றாக இருக்கும், சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொள்ளும். காம்பின் மேல் பாதியில் செதுக்குங்கள். புள்ளிக் கோலம் சூட்டுக்கம்பியால் போட்டால் அழகு, பலாவின் மஞ்சளில் கரும்பழுப்பாக நிற்கும். மஞ்சள் அரைத்துச் சாயம் பூசுகிறவர்கள் உண்டு, வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

ஆச்சியின் பழைய மர அகப்பையில் கருப்புப் புள்ளியாக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா? (முக்கூடல்)

பூஞ்சை. ஊற வைத்திருப்பீர்கள், இல்லை ஈரத்தோடு டப்பாவில் போட்டிருப்பீர்கள். கல்லுப்பும் எலுமிச்சை மூடியும் வைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காய்ந்ததும் 180 தாள் போட்டுப் பாருங்கள். மேலாக இருந்தால் போய்விடும், எண்ணெய் தடவிப் புழங்கலாம். விரிசலுக்குள் இறங்கியிருந்தால் சமையலுக்கு வேண்டாம் மதினி, காம்பில் ஒரு ஓட்டை போட்டு ஆச்சி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.