ஆஸ்கர் ஏன் பெல்லட்டைத் துப்புகிறது?

வண்ணமீன் வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டுத் தொட்டியில் ஐந்து அங்குல நீளமுள்ள ஆஸ்கர் மீன் ஒன்று இருக்கிறது. வாங்கிய நாள் முதல் கடையில் கிடைக்கும் சிறிய தங்கமீன்களையும் மண்புழுவையும் மட்டுமே கொடுத்துப் பழக்கிவிட்டோம். இப்போது பெல்லட் (கடையில் விற்கும் உலர்ந்த உருண்டைத் தீவனம்) போட்டால் வாயில் வாங்கியவுடன் துப்பிவிடுகிறது. பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று கடைக்காரர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: துப்புவதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அம்மா. ஆஸ்கர் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து மீன்கள் எதையும் வாயில் வாங்கிச் சுவைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் உமிழும் பழக்கம் உடையவை. பெல்லட்டைத் திரும்பியும் பாராத மீனோடு ஒப்பிட்டால், உங்கள் மீன் பாதி வழி வந்துவிட்டது என்றே சொல்வேன். அதற்குப் பிடிவாதம் ஏதும் இல்லை. அசைவதுதான் இரை என்று இத்தனை நாளும் பழகிவிட்ட மீனுக்கு, அசையாமல் மிதக்கும் கெட்டியான உருண்டையும் உணவுதான் என்பது எப்படித் தெரியும்? ஆகவே அசைவு, மென்மை, வாசனை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பறித்துவிடாமல், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

முதலில் நிறுத்த வேண்டியது உயிருள்ள தங்கமீன்களை. தங்கமீனின் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1 சத்தைச் சிதைத்துவிடுவதால், அதையே நெடுநாள் தின்னும் மீனுக்கு அந்தச் சத்துக் குறைபாடு வரக்கூடும். போதாததற்கு, இரைக்காக விற்கப்படும் மீன்களை நெருக்கமாக அடைத்து வைத்திருப்பதால், வெண்புள்ளி நோயும் ஒட்டுண்ணிகளும் அவற்றோடு சேர்ந்து உங்கள் தொட்டிக்குள் வந்துவிடும். அமேசான் படுகையில் வாழும் ஆஸ்கர்கூடச் சிறு மீனை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. பூச்சி, இறால் வகைகள் என்று கலந்துதான் உண்கிறது.

இரண்டு நாள் உணவு கொடுக்காமல் இருங்கள். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் மீன் இன்னும் வளரும் பருவத்தில் இருக்கிறது. மூன்றாம் நாள், தோல் உரித்த பச்சை இறாலைச் சிறு துண்டாக நறுக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து, நீருக்குள் லேசாக ஆட்டிக் காட்டுங்கள். உயிர் இல்லாவிட்டாலும் அசைவு இருப்பதால் பெரும்பாலும் பாய்ந்து கவ்விக்கொள்ளும். நான்கைந்து நாள் கழித்து, ஆட்டாமல் கையிலிருந்து போடும் துண்டையும் தின்னத் தொடங்கியபின், இறால் துண்டைக் கத்தியால் கீறி, அந்தக் கீறலுக்குள் ஒரே ஒரு பெல்லட்டைச் செருகிக் கொடுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் தோற்றுப்போகிறார்கள். என்னிடம் இருந்த ஆஸ்கர், இறாலை விழுங்கிவிட்டுப் பெல்லட்டை மட்டும் செவுள் வழியாகத் தூளாக வெளியேற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள்தான் தூள் வரவில்லை. அன்று நான் தொட்டியின் முன்னால் அமர்ந்து, செவுள் மூடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்ததாக, இறாலை நசுக்கிப் பிழிந்த சாற்றில் பெல்லட்டைப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தனியாகப் போடுங்கள். ஊறியது மென்மையாகவும் இருக்கும், பழகிய வாசனையோடும் இருக்கும். வடிகட்டியிலிருந்து நீர் விழும் இடத்தில் போட்டால், நீரோட்டத்தில் அது அசையவும் செய்யும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில் போடுவது நல்லது. நன்றாகத் தின்னத் தொடங்கியதும் ஊறவைப்பதை நிறுத்திவிடுங்கள். நீரில் கரையும் வைட்டமின்கள் ஊறும்போதே வெளியேறிவிடும். இவ்வளவுக்கும் மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம்.

இந்த நாட்களில் மீனைவிட நீரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். துப்பிய பெல்லட்டும் தின்னாத இறாலும் அடியில் அழுகினால் அம்மோனியா கூடும். செவுள் எரிச்சலால் மீன் உணவையே வெறுத்துவிடும். பத்து நிமிடத்துக்குள் மிச்சத்தை வலையாலோ குழாயாலோ எடுத்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு முறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். விரால் வளர்க்கும் விவசாயிகள் குஞ்சுப் பருவத்திலேயே தீவனத்துக்குப் பழக்கிவிடுவது, வளர்ந்தபின் பழக்குவது கடினம் என்பதை அறிந்துதான். அடுத்த முறை மீன் வாங்கும்போது, அது பெல்லட் தின்பதைக் கடையிலேயே கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் ஃபைட்டர் மீனுக்காக மொட்டை மாடியில் ஒரு வாளியில் நீர் வைத்துக் கொசுப்புழு வளர்க்கிறேன். பெல்லட்டுக்கு மாறினால் மீனின் நிறம் மங்கிவிடுமா?
(வாசகர், கொளத்தூர், சென்னை)

பதில்: அந்த வாளியை இன்றே கவிழ்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது, இப்படித் தேங்கிய நல்ல நீரில்தான். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஒருநாள் நீங்கள் வடிகட்ட மறந்தால் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் ஆபத்து. சாக்கடைச் சேற்றிலிருந்து எடுத்து விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவையும், எத்தனை முறை அலசியிருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபைட்டரின் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால், மிதக்கும் வகையில், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பெல்லட்டை வாங்குங்கள். ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு, உறைந்த சிவப்புப் புழுவோடு கலந்து ஒவ்வொன்றாகப் போட்டால், ஆஸ்கரைவிட விரைவில் பழகிக்கொள்ளும். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்பைருலினா என்ற பாசியோ இறால் மாவோ கலந்த பெல்லட்டில் நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமி இருக்கிறது.

கேள்வி: ஒரு கிலோ பொட்டலமாக வாங்கினால் பெல்லட் விலை மலிவாக இருக்கிறது. வாங்கி வைக்கலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: ஓரிரண்டு மீன்களுக்கு வேண்டாம். திறந்த பொட்டலத்தில் வைட்டமின் சி நாளுக்கு நாள் குறையும், கொழுப்பும் காறும். இரண்டு மாதத்தில் தீரும் அளவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தொட்டி விளக்கின் சூடு படாத இடத்தில் வையுங்கள். பழைய எண்ணெய் போன்ற வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.