போகிப் புகையும் குழந்தையின் இளைப்பும்

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். 7 வயது மகளுக்கு வீசிங் உண்டு. போன போகியன்று இரவு மூச்சு இளைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த முறை மூக்கில் ஈரத்துணி கட்டினால் போதுமா? நீல நிற இன்ஹேலர் கைவசம் இருக்கிறது.

பதில்: ஈரத்துணி போதாது. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஏராளம். துணியின் இழைகளுக்கு நடுவே புகுந்து நுரையீரலின் காற்றறைகள்வரை போய்விடும். கூடவே வரும் கந்தக டை ஆக்ஸைடு, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை இறுக்கும். மார்கழிக் குளிரில் தரையோரக் காற்று மேலே எழாததால், விடியுமுன் கொளுத்திய புகை வெயில் ஏறும்வரை தெருவிலேயே தங்கும். (பழம்பாய், துடைப்பத்தோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு வினையில்லை.)

முந்தின இரவே ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டாம். உள்காற்றை வெளியே தள்ளும்போது தெருப் புகையை இடுக்கு வழியாக உள்ளே இழுக்கும். ஸ்பிளிட் ஏசியின் வலை தூசியைப் பிடிக்கும், இந்த நுண்துகளைப் பிடிக்காது. ஹெப்பா வடிகட்டி (நுண்துகளையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவி இருந்தால் அவள் படுக்கும் அறையில் ஓடட்டும். அன்று கொசுவர்த்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள், 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள்.

நீல இன்ஹேலர் இறுக்கத்தைத் தளர்த்தும், வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றுவது தினசரி எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அதன் முழுப்பலன் தெரிய ஓரிரு வாரமாவது ஆகும். ஆகவே டிசம்பரிலேயே மருத்துவரைப் பாருங்கள். இளைப்பு வந்தால் எத்தனை பஃப் என்பதை அவரிடமே எழுதி வாங்குங்கள்.

பலருக்கு மருந்து வேலை செய்யாததற்குக் காரணம், அடிக்கும் முறை. ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும், மருந்தைத் தேக்கித் தரும் பிளாஸ்டிக் குழல்) கட்டாயம். இன்ஹேலரைக் குலுக்கி ஒரே ஒரு பஃப் அடித்து, ஸ்பேசர் வழியாக 5 அல்லது 6 தடவை நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்தில் ஒரு பகுதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

நீல இன்ஹேலர் 4 மணி நேரத்துக்குள் மீண்டும் தேவைப்பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விலா எலும்பிடையில் தோல் உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம்: 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நீல இன்ஹேலரைத் தொடருங்கள்.